டர்பனில் ஒரே ஒரு டியூபா வாங்குவதென்றால்: பெஸ்ஸனா, யமாஹாவா, மிராஃபோனா?

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் பித்தளை வாத்தியக் குழுவில் பதினோரு ஆண்டுகளாக டியூபா, அதாவது அடி ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய பித்தளை ஊதுகருவி, வாசித்து வருகிறேன். கையில் இருப்பது குழுவுக்குச் சொந்தமான பழைய ஈ-பிளாட் கருவி. அதன் முதல் வால்வு (விரலால் அழுத்திக் குழலின் நீளத்தை மாற்றும் அடைப்பான்) தேய்ந்துபோய், மெதுவாக ஊதினால் காற்று கசியும் ஓசை எனக்கே கேட்கிறது. சென்ற ஆண்டிலிருந்து ஒரு சிம்பொனிக் குழுவும் ஆள் குறையும்போது என்னை அழைக்கிறது. ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் ஒரு கருவி வாங்கலாம், இரண்டு வாங்க முடியாது. பெஸ்ஸன் சாவரின் 981, யமாஹா நியோ ஈ-பிளாட், மிராஃபோன் 186 சி, பி அண்ட் எஸ் நிறுவனத்தின் பி.டி.-6 ஆகிய நான்கையும் குறித்து வைத்திருக்கிறேன். இவற்றை நேரில் வாசித்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

மந்தரஸ்தாயி எழுதியது:

அம்மா, நீங்கள் நான்கு பெயர்களை ஒரே தட்டில் வைத்திருக்கிறீர்கள். அவற்றில் இரண்டு ஒரு சுருதிக் கருவிகள், மற்ற இரண்டு வேறு சுருதிக் கருவிகள். நம் கணக்கில் சொன்னால் ஈ-பிளாட் என்பது இரண்டரைக் கட்டை, சி என்பது ஒரு கட்டை, பி-பிளாட் ஆறரை, எஃப் நான்கு. குழலை நீட்டி அளந்தால் எஃப் கருவி சுமார் 3.7 மீட்டர், ஈ-பிளாட் 4 மீட்டர், சி ஏறத்தாழ 4.9 மீட்டர், பி-பிளாட் 5.5 மீட்டர். நீளம் மாறும்போது விரல் வைப்பு, மூச்சின் அளவு, மேல் ஸ்தாயியில் ஸ்வரத்தைப் பிடிக்கும் உறுதி எல்லாம் மாறுகின்றன. ஆகவே முதலில் சுருதியை முடிவு செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

1835 செப்டம்பர் 12 அன்று பிரஷ்யாவில் வீப்ரெக்ட்டும் மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற முதல் டியூபா நான்கு கட்டைக் கருவிதான். அதன்பின் ஒவ்வொரு நாடும் தன் வழியில் போயிற்று. ஜெர்மானியர்கள் குழுவின் அடித்தளத்துக்கு ஆறரைக் கட்டையையும் நுட்பமான பகுதிகளுக்கு எஃப் கருவியையும் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் சிம்பொனிக் குழுக்கள் சி கருவிக்கு மாறின. ஆங்கிலேயர்களின் பித்தளைக் குழுக்களில் இரண்டு ஈ-பிளாட்டும் இரண்டு பி-பிளாட்டும் நிற்கும். அவர்களுடைய சிம்பொனிக் குழுக்களிலும் ஈ-பிளாட் வேரூன்றிவிட்டது.

நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் இந்த வழிகள் ஒரே ஊரில் சந்திக்கின்றன என்பதை நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு நாற்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். ஹெர்மன்ஸ்பர்க், வார்ட்பர்க் பக்கத்து லூத்தரன் சபைகளில் ஜெர்மானியப் பழக்கம்: சுழலும் ரோட்டரி வால்வு, பாஸ் கிளெஃப் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான தாள் குறி), எழுதியது எழுதியபடியே ஒலிக்கும். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் வழிவந்த குழுக்களில் ஆங்கிலேயப் பழக்கம்: மேலும் கீழும் நகரும் பிஸ்டன் வால்வு, டிரபிள் கிளெஃப் (உயர்ந்த ஸ்வரங்களுக்கான தாள் குறி), கருவியின் சுருதிக்கேற்ப இடம்மாற்றி எழுதிய தாள். ஒரு பழக்கத்தில் வளர்ந்தவர் மறுபக்கம் போய் உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார். நீங்கள் எந்தத் தாளைப் பார்த்து வளர்ந்தீர்கள்?

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

ஐயா, எங்கள் குழுவில் டிரபிள் கிளெஃப் தாள்தான். சிம்பொனிக் குழுவில் பாஸ் கிளெஃப் தருகிறார்கள். ஈ-பிளாட் கருவியில் அந்த பாஸ் தாளையே டிரபிள் கிளெஃப் போலப் படித்துச் சுருதிக் குறிகளை மட்டும் திருத்திக்கொள்ளலாம் என்பதால் எனக்குப் பெரிய சிரமமில்லை.

மூன்றும்ஒன்றும் எழுதியது:

அப்படியானால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, அக்கா. நான் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக 981 வாசிக்கிறேன். அதன் உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால்தான் அதன் விலையும் எடையும் புரியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த வால்வை அழுத்தினாலும் குழலுக்குக் கொஞ்சம் நீளம் கூடுகிறது. முதல் வால்வு ஒரு முழுச் சுரம் இறக்க அடிப்படை நீளத்தில் ஏறத்தாழ 12.2 விழுக்காடு சேர்க்க வேண்டும். மூன்றாவது, ஒன்றரைச் சுரத்துக்கு 18.9 விழுக்காடு. இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் 31.1 விழுக்காடு கூடும். ஆனால் இரண்டரைச் சுரம் சரியாக இறங்குவதற்குத் தேவைப்படுவது 33.5. நான்கு மீட்டர்க் கருவியில் அந்தக் குறை ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல். மூன்று வால்வுகளையும் சேர்த்து அழுத்தினால் குறை பதினேழு சென்டிமீட்டரை எட்டும், ஸ்வரத்தின் சுருதி ஏறிவிடும். கர்நாடக இசைக் காது உள்ளவர்களுக்கு அது பொறுக்காது.

1874-இல் இலண்டனில் பூஸி நிறுவனத்தில் இருந்த பிளெய்க்லி இதற்கு ஒரு தீர்வு கண்டார். நான்காம் வால்வை அழுத்தியதும் காற்று முதல் மூன்று வால்வுகளின் வழியாக இரண்டாம் முறை திரும்பி வருகிறது. அப்போது ஒவ்வொரு வால்வும் தன் பின்புறமுள்ள சின்ன வளையத்தையும் சேர்த்துக்கொள்கிறது. குறைந்த நீளம் தானாகவே நிரம்பிவிடும். இதைத்தான் காம்பன்சேட்டிங் என்கிறோம். வலக்கைக்கு மூன்று வால்வு, இடக்கைக்கு ஒன்று. நான்கு வால்வு மட்டும் உள்ள சாதாரண ஈ-பிளாட்டில் அடிமட்ட ஈ ஸ்வரமே கிடைக்காது. இதில் கிடைக்கும், அதுவும் சுத்தமாகக் கிடைக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை எடையும் எதிர்ப்பும். கருவி பத்துக் கிலோவை நெருங்கும். நான்காம் வால்வை அழுத்தியவுடன் காற்று வளைந்து வளைந்து போவதால் அடி ஸ்தாயியில் ஊதும்போது ஒரு தடை உணரப்படும். இரண்டு மூன்று மாதங்களில் நம் மூச்சு அதைக் கற்றுக்கொள்ளும். 981-இன் பெல், அதாவது விரிந்த வாய், 19 அங்குலம், 982-இன் பெல் 17 அங்குலம். சிறியது கூர்ந்து பேசும், பெரியது பரந்து பேசும். நீங்கள் இரண்டு இடத்திலும் வாசிப்பதால் 981.

ஒருகட்டை எழுதியது:

மூன்றும்ஒன்றும் தம்பியின் விளக்கம் சரியானது. முடிவை மட்டும் நான் ஏற்கவில்லை. லெனேசியாவில் வசிக்கிறேன். ஜோஹன்னஸ்பர்க்கிலும் பிற ஊர்களிலும் சிம்பொனிக் குழுக்களில் கூடுதல் வாசிப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். ரஷ்ய இசையமைப்பாளர் பிரோகோஃபியேவின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்று டிராம்போன்களுக்கும் கீழே நின்று முழுக் குழுவையும் தாங்க வேண்டும். அங்கே ஈ-பிளாட் கருவியால் ஸ்வரத்தைத் தர முடிகிறது; அகலத்தைத் தர முடிவதில்லை. அகலம் சி கருவியின் குழலிலேயே இருக்கிறது.

சி கருவிகளில் மிராஃபோன் 186-ஐ நான் முதலில் வைப்பேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராஸ்லிட்ஸ் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்ட கருவிக் கைவினைஞர்கள் 1946-இல் பவாரியாவின் வால்ட்கிரைபர்க்கில் கூட்டுறவாகச் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. 186 என்பது பெரிய உடலல்ல, துளை விட்டம் 19.6 மில்லிமீட்டர். சிறிய குழுவிலும் பெரிய குழுவிலும் அடங்கி வாசிக்கக்கூடிய கருவி, ஸ்வரத்தின் தொடக்கம் தெளிவாக விழும். அதைவிடப் பெரிய ஒலி வேண்டுமென்றால் பி.டி.-6. அது ஐந்து ரோட்டரி வால்வுகளோடு வருகிறது. பிஸ்டன் வேண்டுவோருக்கு பி.டி.-6பி என்றும் உண்டு. ஐந்தாம் வால்வு இருப்பதால் காம்பன்சேட்டிங் இல்லாமலே அடி எஃப் ஸ்வரத்தைச் சரியாக வைக்கலாம். காற்று தடையின்றி நேரே போகிறது.

இவற்றுக்கும் மேலே ஆறுக்கு நான்கு எனப்படும் பேருருக் கருவிகள் இருக்கின்றன. அவற்றின் மூதாதை, மிச்சிகனின் கிராண்ட் ரேபிட்ஸில் யார்க் நிறுவனம் செய்த இரண்டு சி கருவிகள். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸின் கையில் இருந்தவை. யமாஹாவின் ஒய்.சி.பி.-826, மெல்ட்டனின் 6450, சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்ப்ரன்னர் செய்த எச்.பி.-50 எல்லாம் அந்த ஒலியைத் தேடிப் போனவை. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் சிம்பொனி வாசிப்பில் உங்களுக்கு ஆசை இருந்தால் ஒரு கட்டைக்கு இப்போதே மாறுங்கள். பிந்தினால் விரல்கள் பழையதை விடாது.

மூன்றும்ஒன்றும் எழுதியது:

ஒருகட்டை அண்ணா, உங்கள் காதை நான் மதிக்கிறேன். ஆனால் இலண்டன் சிம்பொனிக் குழுவில் ஜான் ஃபிளெட்சர் ஈ-பிளாட் பெஸ்ஸனில்தான் வாசித்தார், இங்கிலாந்தில் அந்தச் சுருதி நிலைத்ததற்கு அவர் பெரிய காரணம். 1954-இல் அதே குழு முதன்முதலில் அரங்கேற்றிய ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் டியூபா கான்செர்ட்டோவை இன்று எத்தனையோ பேர் ஈ-பிளாட்டில் வாசிக்கிறார்கள். அகலம் குழலில் பாதி, ஊதுபவரின் மூச்சில் பாதி.

ஒருகட்டை எழுதியது:

ஃபிளெட்சரை நான் மறுக்கவில்லை, தம்பி. அவரைச் சுற்றி இருந்த டிராம்போன்களும் ஆங்கிலேய முறையில் ஒலித்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டியூபா தனியாக ஒலிப்பதில்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களோடுதான் ஒலிக்கிறது.

பாரிநாயனம் எழுதியது:

நான் டோங்காட்டில் நாகஸ்வரம் வாசிப்பவன், டியூபாவைப் பற்றிப் பேச எனக்கு உரிமை குறைவு. ஆனாலும் இந்த வாதம் எங்கள் வீட்டு வாதமாகவே இருக்கிறது. குட்டையான திமிரி நாகஸ்வரம் எடுப்பாகப் பேசும், நீளமான பாரி நின்று நிதானமாகப் பேசும். பாரி வந்த பிறகு சுருதி இறங்கியது, தவிலும் அதற்கேற்ப வளைந்துகொடுத்தது. குழலின் நீளம் மாறினால் சேர்ந்து வாசிக்கும் அனைவரும் மாற வேண்டியிருக்கிறது. ஆசிரியை அம்மா புதுக் கருவியைத் தனி அறையில் வாசித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வாரந்தோறும் பக்கத்தில் உட்காருபவரோடு சேர்த்து வாசித்துப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

நீங்கள் சொல்வது என் மனத்தில் ஏறுகிறது, ஐயா. எங்கள் குழுவின் இன்னொரு ஈ-பிளாட்காரர் வாசிப்பது 981. யமாஹா நியோவைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

மந்தரஸ்தாயி எழுதியது:

என் மாணவர் ஒருவர் நியோ வைத்திருக்கிறார், நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அதுவும் மூன்றும் ஒன்றுமான காம்பன்சேட்டிங் கருவிதான். யமாஹாவின் சிறப்பு ஒரே சீரான வேலை. பெட்டியைத் திறந்ததும் வால்வுகள் விரலுக்கு உடனே பணியும், ஸ்வரங்கள் எதிர்பார்த்த இடத்தில் இருக்கும். ஒரே மாதிரியில் இரண்டு கருவிகளை அடுத்தடுத்து வாசித்தாலும் வேறுபாடு சிறிதாகவே இருக்கும் என்பதால், கடல் கடந்து பார்க்காமலே வரவழைக்க வேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு அது சிறிய காரியமல்ல. அதன் ஒலி சற்று ஒளியானது, விளிம்பு தெளிவானது. பெஸ்ஸன் ஒலி உருண்டையானது, பக்கத்து ஒலியில் கரைவது. எனக்குப் பிடித்தது பெஸ்ஸன். சிறு குழுவில் ஐந்து பேராக வாசிப்பதென்றால் நான் நியோவை எடுப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைப் பட்டியலில் பெஸ்ஸன், பி அண்ட் எஸ், மெல்ட்டன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிடுவது போலத் தெரியும். இன்று மூன்றும் பஃபே கிராம்போன் குழுமத்தின் பெயர்கள். பாரிஸில் 1837-இல் தொடங்கி, இலண்டனில் வளர்ந்து, பூஸி அண்ட் ஹாக்ஸ் கைக்குப் போன பெஸ்ஸன் இப்போது ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஹனில் செய்யப்படுகிறது. ஆகவே பெஸ்ஸன் என்று விளம்பரத்தில் பார்த்தால் எந்தக் காலத்துப் பெஸ்ஸன் என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம், செய்த கைகள் வேறு.

பட்டறைக்காரர் எழுதியது:

வெருலத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பித்தளைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். ஒலியைப் பற்றி நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாக எழுதிவிட்டீர்கள். கருவி டர்பனில் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நம் கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. அதைவிடப் பெரிய பகை, ஊதுபவரின் எச்சிலும் உணவுத் துணுக்கும் குழலுக்குள் தங்குவது. சென்ற மாதம் ஒரு டியூபா வந்தது. மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் கிண்ணம்) பொருந்தும் முதல் குழாயில் நீளமான தூரிகையை விட்டு இழுத்தேன். எனாமல் வாளியில் விழுந்தது பச்சை நிறக் குழம்பு, கறிவேப்பிலைத் துவையல் போன்ற கெட்டியில். கழுவித் துடைத்து வெளியே வெயிலில் திருப்பிப் பார்த்தபோது அரக்குப் பூச்சின் அடியில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி முனை அளவு கருமை. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் எஞ்சுவதன் அடையாளம் அது. விரல் நகத்தால் அழுத்தினால் பொடியும். அந்தக் குழாயை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மஞ்சள் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் இருக்கும். பொன் பித்தளை எனப்படும் கலவையில் செம்பு எண்பத்தைந்து. துத்தநாகம் பதினைந்து பங்குக்கு மேல் போனால்தான் இந்த அரிப்பு வலுக்கும் என்பதால், முதல் குழாயாவது பொன் பித்தளையில் இருக்கும் கருவியை நான் விரும்புவேன். எந்த நிறுவனத்திடம் கேட்டாலும் இதைத் தனியாகக் கேளுங்கள்.

ரோட்டரியா பிஸ்டனா என்ற கேள்விக்கு வருகிறேன். ரோட்டரிக்கு மூன்று இடங்களில் எண்ணெய் வேண்டும்: பின்மூடிக்குள் இருக்கும் தாங்கிக்கு, முன்புறத் தண்டுக்கு, நெம்புகோல் இணைப்பின் உருண்டைகளுக்கு. பெரும்பாலோர் மூன்றாவதை மட்டும் செய்வார்கள். பிறகு வாசிக்கும்போது டக் டக்கென்று சத்தம் வருகிறது என்று கொண்டுவருவார்கள். ரோட்டரியைக் கழற்றி மாட்டப் பழகிய கை வேண்டும். பிஸ்டனை வாசிப்பவரே கழற்றித் துடைத்து மாட்டலாம், பக்கத்தில் பட்டறை இல்லாத ஊரில் அது பெரிய வசதி. காம்பன்சேட்டிங் பிஸ்டன் மட்டும் நீளமானது, கனமானது. கீழே ஒருமுறை விழுந்தால் கதை முடிந்தது.

பழைய கருவியை வாங்கும்போது இரண்டு சோதனைகள் செய்யுங்கள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (இழுத்து நீட்டக்கூடிய குழாயை) மெதுவாக வெளியே இழுத்து, ஐந்து விநாடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். தளர்வில்லாத வால்வாக இருந்தால் புட்டென்று சத்தம் வரும். அடுத்து, சுருதியைக் காட்டும் ட்யூனரைப் பார்த்துக்கொண்டே ஊதாதீர்கள். கண்ணை மூடி ஊதி, ஸ்வரம் நிலைத்த பிறகு கண்ணைத் திறங்கள். முள்ளைப் பார்த்தால் உதடு தானாகவே திருத்திக் கருவியின் குறையை மறைத்துவிடும். பிப்ரவரி மாத வெயிலில் சோதித்தால் எல்லாக் கருவியும் சுருதி ஏறித்தான் நிற்கும். குழலுக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் (நூறு சென்ட் என்பது ஓர் அரைச் சுரம்) ஏறும். கருவி எதுவானாலும் இது பொது, அதனால் முதன்மை ஸ்லைடில் வெளியே இழுக்கப் போதிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றும்ஒன்றும் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. பதினைந்து ஆண்டுகளில் என் முதல் குழாயை ஒருமுறைகூட வெயிலில் திருப்பிப் பார்த்ததில்லை. இன்று மாலையே பார்க்கிறேன்.

ஒருகட்டை எழுதியது:

சீனாவில் செய்து வெஸ்ஸெக்ஸ், ஈஸ்ட்மன் போன்ற பெயர்களில் வரும் கருவிகளையும் கணக்கில் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். வடிவம் பல இடங்களில் புகழ்பெற்ற ஐரோப்பியக் கருவிகளைப் பின்பற்றியது, விலை வெகுவாகக் குறைவு. தொழில்முறை வாசிப்பாளர்களே இரண்டாம் கருவியாக அவற்றை வைத்திருக்கிறார்கள். என் தயக்கம் ஒன்றுதான்: இவற்றைக் கையில் எடுத்து வாசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சரக்குக் கட்டணமும் 15 விழுக்காடு வாட் வரியும் சேர்ந்துவிடும், பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பும் செலவு தாங்காது. நான் ஒருமுறை வரவழைத்த கருவி வழியில் அடிபட்டு, கீழ் வளைவு நசுங்கி வந்தது. இழப்பீட்டுக்கு ஏழு மாதம் கடிதம் எழுதினேன்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மந்தரஸ்தாயி ஐயாவின் மாணவர் அன்போடு தன் நியோவை ஒரு சனிக்கிழமை முழுவதும் தந்தார். ஒருகட்டை அண்ணா சொன்னதை மதித்து, ஒரு நண்பரின் 186 சி கருவியையும் இரண்டு மணி நேரம் வாசித்தேன். அந்தக் கருவியில் அடி ஜி ஸ்வரம் நாற்காலியின் கால் வழியாகத் தரையில் இறங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை. விரல் வைப்பைப் புதிதாகக் கற்க எனக்கு ஓர் ஆண்டு ஆகும், அந்த ஓர் ஆண்டும் ஞாயிறுதோறும் சபையில் டிரபிள் கிளெஃப் தாளை வாசித்தாக வேண்டும் என்பது மட்டுமே தடை.

பாரிநாயனம் ஐயா சொன்னபடி, பிறகு எங்கள் குழுவின் 981-காரரை அழைத்து ஒத்திகை அறையில் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டேன். நியோவும் 981-உம் சேர்ந்தபோது இரண்டு நல்ல குரல்கள் கேட்டன. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓய்வு பெறும் ஒரு வாசிப்பாளர் விற்கவிருக்கும் 981-ஐ இரவல் வாங்கி அதே பகுதியை வாசித்தோம். நான்காவது தாள அளவிலேயே என் ஒலி எங்கே முடிகிறது, அவர் ஒலி எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பின்னால் நின்ற யூஃபோனியக்காரர் (டியூபாவின் சிறிய உறவான கருவியை வாசிப்பவர்) வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த 981-ஐ வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். ஸ்லைடைச் சோதித்ததில் நான்கு வால்வுகளும் சத்தம் தந்தன, மூன்றாவது மட்டும் சற்று மெலிதாக.

ஒருகட்டை எழுதியது:

மகிழ்ச்சி, தங்கையே. நியாயமான காரணத்தோடு எடுத்த முடிவு. அடுத்த முறை பிரோகோஃபியேவ் வந்தால் என் சி கருவியை டர்பனுக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

மந்தரஸ்தாயி எழுதியது:

வாழ்த்துகள், அம்மா. மவுத்பீஸ் வாங்க அவசரப்படாதீர்கள். இலண்டனில் செய்த பழைய ஈ-பிளாட் கருவிகள் பலவற்றில் மவுத்பீஸ் நுழையும் துளை சிறியது, பிற்காலக் கருவிகளில் பெரியது. டெனிஸ் விக் மவுத்பீஸ்களில் எண்ணுக்குப் பின் எல் என்று இருந்தால் பெரிய துளைக்கு உரியது. எண் சிறியதாக இருந்தால் கிண்ணம் பெரியது. உங்கள் பழைய மவுத்பீஸை இதில் வைத்தால் உள்ளே ஓடிப்போய் ஆடலாம், அப்படியே வாசித்தால் சுருதி எங்கும் நிற்காது.

பட்டறைக்காரர் எழுதியது:

பழைய மவுத்பீஸையும் கருவியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், அம்மா. துளையை அளந்து சொல்கிறேன். மெலிதாகச் சத்தம் தந்த மூன்றாம் வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தேய்மானமா, ஸ்லைடின் பற்றவைப்பில் கசிவா என்பது அப்போது தெரியும். கசிவென்றால் அரை நாள் வேலை. பணம் கொடுப்பதற்கு முன் வந்துவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

புதன்கிழமை பள்ளி முடிந்ததும் வெருலம் வருகிறேன், ஐயா. விற்பவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் குழாயை அவர் கண் முன்னாலேயே வெயிலில் திருப்பிப் பார்த்துவிடுவோம்.